முப்பத்தாறாகச் சுருங்கிய தோட்டம்

நவ்கோ, இஸ்ஃபரா
12 பிப்ரவரி 2003

அர்காதி,

‘அன்புள்ள’ என்று தொடங்கிவிட்டு அடித்துவிட்டேன். மேலே அந்தக் கிறுக்கல் தெரியும். தெரியட்டும்.

உன் விலாசத்தை உன் சித்தி மகள் வேரா கொடுத்தாள். பிஷ்கெக்கில், தொர்தோய் சந்தையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாயாம். பதினோரு வருடமாக ஒரு வரி இல்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

நம் பழ ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில், வால் வைத்த ‘க’ எழுத்து வரிசையில் பதினேழாம் மரம் நினைவிருக்கிறதா? ஊரில் எல்லா ஆப்ரிகாட்டும் பூத்து முடித்த பிறகு பன்னிரண்டு நாள் தாமதமாகப் பூக்கும் மரம். ஏப்ரல் பனியில் மற்ற மரங்களின் பூவெல்லாம் கருகும்போது இது மட்டும் மொட்டாகவே நின்று தப்பிக்கும். நான் மகரந்தம் சேர்த்து, விதை போட்டு, பதினேழு வருடம் பார்த்து எழுதிய மரம். அதைப் புது ரகமாகத் தன் பெயரில் பதிவு செய்ய நம் பழைய டைரக்டர் கரோமதோவ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இப்போது குஜந்தில் பெரிய ஆள். நிலையத்தை விட்டுப் போகும்போது ஒட்டுக்குச்சி வெட்டிக்கொண்டு போய் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்தாராம்.

ரகப் பதிவுக் குழுவில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் கேட்டார்கள். நீ ஏற்றிக் கொடுத்த எட்டு ஃப்ளாப்பியையும் கொண்டுபோனேன். அவர்கள் மெஷினில் அந்த அளவு ஃப்ளாப்பி நுழையவே இல்லை. குஜந்தில் ஒருவரைப் பிடித்துச் சின்ன ஃப்ளாப்பிக்கு மாற்றினேன். இப்போது நுழைந்தது, ஆனால் திறக்கவில்லை. ‘இந்த முறையில் சுருக்கிய ஃபைலை அறியேன்’ என்று திரையில் வந்தது. ‘படிக்க முடியாதவை, ஆதாரமாகக் கொள்ள இயலாது’ என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அக்கா, இனிமே காகிதமே வேண்டாம். பதினொரு நோட்டும் இந்த எட்டு ஃப்ளாப்பியில அடங்கிப்போச்சு. உங்க அலமாரியில இடம் மிச்சம்.” தொண்ணூற்று மூன்று ஜனவரியில் வீட்டுக்குக் குழாயில் வரும் கேஸ் நின்றுபோனது. என் மகன் நுரையீரல் காய்ச்சலில் கிடந்தான். அந்தப் பதினொரு நோட்டையும் நானே அடுப்பில் வைத்தேன். உன் வார்த்தையை நம்பித்தான் வைத்தேன்.

மே ஆறாம் தேதி இறுதி விசாரணை. உன் வருத்தம் எனக்கு வேண்டாம். இதை எப்படித் திறப்பது என்று மட்டும் எழுது.

ஓய்னிசோ மிர்சைதோவா

*

பிஷ்கெக்
1 மார்ச் 2003

ஓய்னிசோ அக்கா,

‘அன்புள்ள’ என்பதை நானும் எழுதவில்லை. நீங்கள் அடித்ததை நான் எழுதினால் குத்திக்காட்டுவது போல இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காகிதம் வேண்டாம் என்று சொன்னேன், எரியுங்கள் என்று சொல்லவில்லை. இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன், ஏனென்றால் உங்கள் மகன் காய்ச்சலில் கிடந்தபோது நான் அங்கே இருந்திருந்தால் நானே அந்த நோட்டுகளைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன். உங்கள் கிறுக்கலை நீங்கள் விட்டது போல.

இப்போது ஃபைல். அன்றைக்கு நம்மிடம் இருந்த இடம் எட்டு ஃப்ளாப்பி மட்டும். (ஒன்பதாவது ஒன்றும் இருந்தது, அதைப் பற்றிப் பிறகு.) அதனால் உங்கள் குறிப்புகளை அழுத்திச் சுருக்கி மூட்டையாகக் கட்டினேன். கட்டியது அந்தக் காலத்துப் புரோகிராம், அந்தக் காலத்து முடிச்சு. அதே புரோகிராமை எழுதியவர்கள் நான்கைந்து வருடத்தில் வேறு முடிச்சுக்கு மாறிவிட்டார்கள். புதிதாக வந்த பதிப்புகள் பழைய முடிச்சைக் கற்றுக்கொள்ளவே இல்லை. உங்கள் மூட்டைக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அவிழ்க்கிற விரல்தான் அவர்களிடம் இல்லை. சந்தையில் தினம் இரண்டு பேராவது இதே புலம்பலோடு என் கடைக்கு வருகிறார்கள். ஒருவர் தன் டாக்டர் பட்ட ஆய்வையே திறக்க முடியாமல் என் முன்னால் அழுதார்.

பழைய அவிழ்ப்பான் என்னிடம் இருக்கிறது. உலர்பழம் ஏற்றிக்கொண்டு இங்கே வரும் அஸ்லித்தீன் வசம் அனுப்புகிறேன். இரண்டு விஷயம் கவனம். ஒன்று, மூல ஃப்ளாப்பிகளின் ஓரத்தில் இருக்கும் வெட்டை டேப் போட்டு மூடுங்கள். அப்போதுதான் யாரும் அதில் எதையும் எழுத முடியாது. இரண்டு, இதைப் பழைய மெஷினில் ஓட்டச் சொல்லுங்கள். புது விண்டோஸுக்குள் வைத்து ஓட்டினால் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்று. உங்கள் கடிதத்துக்கு ஐந்து நாள் முன்னால் கரோமதோவிடமிருந்தும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ‘1991இல் ஏற்றிய விவரங்கள் தொடக்கம் முதலே பழுதானவை’ என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இன்னும் பதில் போடவில்லை.

அர்காதி ஹெகாய்

*

நவ்கோ
19 மார்ச் 2003

அர்காதி,

பதில் போடவில்லையா? அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘பழுதானவை இல்லை’ என்று எழுத இரண்டு வார்த்தை போதும். சில்லறை கொடுத்தால் தபால்தலை கிடைக்கும். நீ யோசிக்கும் ஒவ்வொரு நாளையும் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் அவிழ்ப்பானைக் கொண்டுபோனேன். குழுவின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர் இல்ஹோம். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பழைய மெஷின் வேண்டும் என்று நீ சொன்னதைச் சொன்னேன்.

“அக்கா, பழசையெல்லாம் போன வருஷமே தூக்கிப் போட்டாச்சு. இதுலயே ஓடும், பாருங்க.”

ஓடத்தான் செய்தது. பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வர ஆரம்பித்தன. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தாறு வந்ததும் நின்றது. ‘இதே பெயரில் ஃபைல் உள்ளது. மேலே எழுதவா? ஆம், இல்லை, எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று கேட்டது.

“இரு தம்பி, அது என்ன கேக்குது?”

“ஒண்ணுமில்ல அக்கா, வழக்கமா கேக்கறதுதான்.”

‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று அமுக்கிவிட்டார். மீதி சரசரவென்று ஓடி முடிந்தது. பார்த்தால் முப்பத்தாறு ஃபைல். நான் ஏற்றச் சொன்னது இருநூற்றுப் பதினாறு மரம். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கோடு, பிறகு எண். வரிசை எழுத்து எதிலும் இல்லை. பதினேழாம் எண்ணைத் திறந்தால் வேறு ஏதோ மரம். பழம் சின்னது, கொட்டை கசப்பு என்று என் வார்த்தையிலேயே எழுதியிருந்தது.

கரோமதோவ் சரியாக அந்த நேரத்துக்கு அங்கே வந்து நின்றார். எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ.

“ஓய்னிசோ, நீங்களே பாத்துட்டீங்க. உங்க குறிப்புலேயே அந்த மரம் இல்ல. வயசாயிடுச்சு, எந்த மரம் யார் வெச்சதுன்னு குழம்பறது சகஜம்.”

“என் வயசு ஐம்பத்தெட்டு. உங்களுக்கு அறுபத்தாறு. குழப்பத்தை வயசு வரிசைப்படியே ஆரம்பிப்போம், மொதல்ல நீங்க.”

இல்ஹோம் சிரிப்பை அடக்க இருமினார். ஆனாலும் ‘முப்பத்தாறு மரங்களுக்கான விவரம் மட்டுமே உள்ளது’ என்று பதிவாகிவிட்டது. திரையில் ஓடிய பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் நூற்றியெண்பது மரம் எங்கே என்று சொல்.

ஓய்னிசோ

*

பிஷ்கெக்
2 ஏப்ரல் 2003

ஓய்னிசோ அக்கா,

உங்கள் மரங்கள் எங்கும் போகவில்லை. பட்டியலைக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தொன்பதாவது வரிக்கு வந்தபோது உறைத்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எண்பத்தொன்பதில் நீங்கள் பிடித்த பிடிவாதம் நினைவிருக்கிறதா? தோட்டத்தின் ஆறு வரிசைக்கும் ரஷ்ய எழுத்துதான் பெயராக இருந்தது. “ரஷ்யத்துல இல்லாத ஆறு எழுத்து நம்ம மொழியில இருக்கு. ஆறு வரிசை இருக்கு. இனிமே அதுதான் பேரு” என்றீர்கள். கரோமதோவ் முகம் சுளித்தார். அந்த ஆறு எழுத்தும் மெஷினில் கிடையாது. நான் எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரில், மெஷின் கட்டம் வரையப் பயன்படுத்தும் குறிகளில் ஆறை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்தேன். நம் மெஷினில் அழகாக வந்தது. நீங்கள்கூட வால் ‘க’வின் வால் இன்னும் கொஞ்சம் நீளலாம் என்றீர்கள்.

புது விண்டோஸுக்கு அந்த ஆறும் ஃபைல் பெயரில் வரக்கூடாத குறிகள். ஆறையும் ஒரே கோடாக மாற்றிவிட்டது. ஆறு வரிசையின் ஒன்றாம் மரமும் ஒரே பெயராகிவிட்டது. இரண்டாம் மரங்களும் அப்படியே. ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசி வரிசை மட்டும் தங்கிவிட்டது. அவர்கள் உங்களுக்குக் காட்டியது கடைசி வரிசையின் பதினேழாம் மரம். உங்களுடையது மூன்றாவது வரிசை. மூல ஃப்ளாப்பியில் இருநூற்றுப் பதினாறும் அப்படியே இருக்கின்றன.

பெயரை மாற்றி மாற்றிப் பிரித்து எடுக்க வழி உண்டு. ஆனால் எது எந்த வரிசை என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்று கரோமதோவ் சொல்வார். அவர்கள் கண்ணாலேயே எழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு நான் வரைந்த எழுத்துகள் வேண்டும். அவை ஒன்பதாவது ஃப்ளாப்பியில் இருக்கின்றன. அந்த ஃப்ளாப்பி என்னிடம் இருக்கிறது. பதினோரு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

இதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். தொண்ணூற்றிரண்டு அக்டோபரில் கரோமதோவ் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு ஃபைலிலும் ‘பதிவு செய்தவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். “யோசிச்சுப் பாரு அர்காதி. உள்நாட்டுப் போர் நடக்கிற நிலைமையில உன்ன மாதிரி வேற இனத்து ஆளுங்களுக்கு யார் பாதுகாப்பு?” என்றார். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். மூன்றாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். எழுத்து இல்லாமல் எவனும் அந்த ஃபைல்களைத் திருத்த முடியாது என்று ஒன்பதாவது ஃப்ளாப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அவரைப் பூட்டினேன் என்று நினைத்தேன். உங்களையும் சேர்த்துப் பூட்டியது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புரிந்தது. உங்களிடம் சொல்லியிருந்தால் அவர் மிரட்டல் உங்கள் வாசலுக்கு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, பயந்து ஓடியவன் என்று உங்களிடம் எழுத வெட்கம்.

இப்போது அவர் எனக்குத் தருவதாகச் சொல்வது குஜந்தில் வேலை, நாங்கள் பூட்டிவிட்டு வந்த அதே இரண்டு அறை வீடு. அந்த வீட்டு ஜன்னலிலிருந்து நதி தெரியும். ஒரு மாதம் யோசித்தேன். நீங்கள் திட்டுவது நியாயம்.

நேற்று பதில் போட்டுவிட்டேன். நகலை இணைத்திருக்கிறேன். ‘விவரங்கள் பழுதானவை அல்ல. பழுதாக்கச் சொன்னவர் நீங்கள், தேதி 14 அக்டோபர் 1992. இதை எந்தக் குழு கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.’ நோட்டரி முத்திரையோடு ஒரு பிரதி குழுவுக்கும் போய்விட்டது.

ஒன்பதாவது ஃப்ளாப்பி அஸ்லித்தீனிடம். ஒரு பழைய மெஷின் மட்டும் எப்படியாவது தேடுங்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

அர்காதி

*

நவ்கோ
21 ஏப்ரல் 2003

அர்காதி,

ஃப்ளாப்பி வந்தது. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மிரட்டல் என் வாசலுக்கு வந்திருக்குமாம். வந்தால் என்ன? என் வாசலில் நாய் இருந்தது, மண்வெட்டி இருந்தது, நான் இருந்தேன். என்னைக் கேட்காமலேயே எனக்காகப் பயப்பட உனக்கு யார் உரிமை கொடுத்தது? பதினோரு வருடம் உன்னை நன்றி கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பையும் நீயே என்னைச் செய்ய வைத்தாய்.

சரி, வேலைக்கு வருகிறேன். மெஷின் கிடைத்துவிட்டது. வானிலை நிலையத்தில் மத்லூபா இன்னும் பழைய மெஷினில்தான் வெப்பநிலையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பெரிய ஃப்ளாப்பி நுழையும் வாய் அதற்கு உண்டு. முதலில் உன் ஒன்பதாவதைப் போட்டேன். பிறகு மற்றவை. பச்சைத் திரையில் ஆறு எழுத்தும் வந்தன. இருநூற்றுப் பதினாறும். மத்லூபா “யாரு அக்கா இந்த எழுத்தை வரைஞ்சது, வால் கோணலா இருக்கே” என்றாள். வரைந்தவனும் அப்படித்தான் என்றேன்.

எந்த ஃபைலையும் திறக்கவில்லை. திறப்பதைக் குழுவின் முன்னால் வைத்துக்கொள்கிறேன். நான் ஏதோ செய்துவிட்டேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

ஒன்பதாம் தேதி பனி விழுந்தது. மைனஸ் நான்கு. பள்ளத்தாக்கு முழுக்க பூ கருகிவிட்டது. அஸ்லித்தீன் தோட்டத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினேழாம் மரம் பன்னிரண்டு நாள் கழித்து இன்று பூத்திருக்கிறது. சுவர்மேல் ஏறி ஊரே பார்க்கிறது.

பனியில் இதன் மொட்டு தப்பியதைக் கேள்விப்பட்டுத்தான் கரோமதோவும் நேற்று வீடு தேடி வந்தார். டீ ஊற்றினேன். வந்தவருக்கு ஊற்றாமல் இருக்க முடியாது. கோப்பை நிரம்ப ஊற்றினேன். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள் என்பது அவருக்கும் தெரியும்.

“ஓய்னிசோ, எதுக்கு இந்த வம்பு? ரெண்டு பேர் பேரும் போட்டுக்கலாம். முதல்ல உங்க பேரு.”

“உங்க பேரு எதுக்கு?”

“நான் டைரக்டரா இருந்தேன். என் காலத்துல நடந்தது.”

“உங்க காலத்துல என் மகனும்தான் பொறந்தான். அவனுக்கும் ரெண்டு அப்பா பேர் போட்டுக்கலாமா?”

டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மெஷினை லாரியில் குஜந்துக்குக் கொண்டுபோகிறேன். எப்படிக் கட்டுவது என்று உடனே எழுது.

ஓய்னிசோ

*

பிஷ்கெக்
28 ஏப்ரல் 2003

அக்கா,

அவசரமாக, அஸ்லித்தீன் லாரி கிளம்பிக்கொண்டிருக்கிறது.

ஃப்ளாப்பி வாயில் அட்டை ஒன்றைச் செருகி மூடுங்கள், குலுங்கலில் உள்ளே ஊசி அடிபடும். திரையைத் தனியாகப் போர்வையில் சுற்றி முகம் கீழே பார்க்காமல் வையுங்கள். ஃப்ளாப்பிகளை லாரி ரேடியோ பக்கம் வைக்கவே கூடாது, ஒலிபெருக்கியின் காந்தம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் சூடாக இருபது நிமிடம் ஆகும், அதற்குள் யாராவது ‘வேலை செய்யவில்லை’ என்று எழுத ஆரம்பித்தால் பேனாவைப் பிடுங்குங்கள்.

கரோமதோவ் ஆட்கள் வேராவிடம் வந்து என்னைப் பற்றி விசாரித்தார்களாம். வேரா என் கடை எண்ணையே எழுதிக் கொடுத்தாளாம். நல்லது செய்தாள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

அர்காதி

*

நவ்கோ
9 மே 2003

அர்காதி,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்லூபா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து அந்த மெஷினை இரண்டாவது மாடிக்கு ஏற்றினோம். வாசல் காவலர் “இது என்னம்மா, டி.வியா?” என்றார். சாட்சி என்றேன்.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் காத்திருக்க வைத்தேன். ஒன்பதாவது ஃப்ளாப்பி, பிறகு எட்டும். நீ சொன்ன பக்குவத்தில் எல்லாம் பிரிந்தன. இல்ஹோம் பக்கத்தில் வந்து நின்று பட்டியலைப் பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலேயே, “ஐயா, மார்ச்ல நான்தான் எல்லாத்துக்கும் ஆம்னு அமுக்கினேன். நூத்தியெண்பது ஃபைல் அதுல அழிஞ்சுது. தப்பு என்னுது, இந்தம்மாவுது இல்ல” என்றார். அந்த மனிதரை அவசரக்காரர் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஃபைலைத் திறக்குமுன் தலைவரிடம் ஒன்று கேட்டேன். “இந்த மரத்துக்குத் தாய் எது, மகரந்தம் எது, எந்த வருஷம்னு அவரையும் கேளுங்க, என்னையும் கேளுங்க. அப்புறம் திறப்போம்.”

கரோமதோவ், “முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, யாருக்கு ஞாபகம் இருக்கும்” என்றார்.

நான் சொன்னேன். தாய், மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் நின்ற ஒரு காட்டு மரம். மகரந்தம் மிர்சஞ்சலி ரகத்தினுடையது. 1974 ஏப்ரல் நாலு, மேகமூட்டம், தூரிகையால் நாற்பத்திரண்டு பூ, காய்த்தது மூன்று.

திறந்தார்கள். மத்லூபா உரக்கப் படித்தாள். ஓடைக்கரை, மிர்சஞ்சலி, ஏப்ரல் நாலு, மேகமூட்டம். மூன்று காய். ‘பதிவு செய்தவர்: ஓ. மிர்சைதோவா.’ அவள் நிறுத்தாமல் வருடம் வருடமாகப் படித்துக்கொண்டே போனாள். எண்பத்திரண்டில், ‘இன்னும் காய்க்கவில்லை, பொறுமை போகிறது.’ எண்பத்து மூன்றில் ஒரு வரி வந்தது, அர்காதி, நான் எழுதியது, நானே மறந்துபோனது.

‘டைரக்டர் கரோமதோவின் உத்தரவு: பயனற்ற மரம், வெட்டவும். வெட்டவில்லை.’

மத்லூபா கெட்டிக்காரி. அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள்.

கரோமதோவ் தன் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். விண்ணப்பம் அன்றே தள்ளுபடி. உன் நோட்டரித் தாளையும் படித்தார்கள். அவர்மேல் தனி விசாரணை என்கிறார்கள். நடக்குமா என்று எனக்குத் தெரியாது, நடக்கும் வரை போய்க் கேட்டுக்கொண்டிருப்பேன். ரகம் என் பெயரில். ஆனால் மூன்று பருவம் சோதித்துத்தான் சான்றிதழ் தருவார்களாம்.

தலைவர் கடைசியில் அன்பாகத்தான் சொன்னார். “அதுவரைக்கும் ஒட்டுக்குச்சிய யாருக்கும் குடுத்துடாதீங்க அக்கா. குடுத்தா உரிமை போயிடும்.”

“மார்ச்லயே குடுத்தாச்சு” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

முப்பத்தாறு மரம்தான் என்று எழுதி என்னைத் திருப்பி அனுப்பிய அன்று, ஊருக்கு வந்ததும் நிலையத் தோட்டத்துக்குப் போய், ஏணியைச் சாத்திப் பதினேழாம் மரத்தில் ஏறினேன். வெட்டக்கூடிய குச்சியை எல்லாம் வெட்டினேன். கேட்டவர், கேட்காதவர் எல்லோர் வீட்டிலும் ஒட்டுப் போட்டேன். ஐம்பத்துமூன்று வீடு. எல்லைக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ் ஊரில் நான்கு. உன்னிடம் சொல்லவில்லை, நீ ஏதாவது ஒரு எச்சரிக்கை எழுதியிருப்பாய். தலைவர் “அப்ப இத்தன நாள் எதுக்கும்மா போராடினீங்க?” என்று கேட்டார்.

“பேரு என்னுது, அதனால போராடினேன். பழம் எல்லாருக்கும், அதனால குடுத்தேன். ரெண்டும் வேற வேற ஐயா.”

அவர் அதையும் பதிவில் எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

இனி உன் விஷயம். மன்னிக்கச் சொல்லி எழுதியிருந்தாய். பதில், இன்னும் இல்லை. காகிதத்தில் கேட்டால் கிடைக்காது. ஜூன் மூன்றாம் வாரம் பழம் பழுக்கும். நேரில் வந்து கேள். அப்போதும் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, சொல்லிவிட்டுச் சாப்பாடு போடுவேன்.

ஓய்னிசோ அக்கா